ஒன்பது மடங்கு வாலிபம்

வீரணன் வாத்தியார் மிளகாய்த் தோட்டத்தில் மயங்கிக் கிடந்தது கால் நிமிடம்தான். அதை அவருடைய மைத்துனர் சங்கையா செல்போனில் சென்னைக்குச் சொல்லி முடிப்பதற்குள் அது முக்கால் மணி நேரமாக வளர்ந்துவிட்டது. வாயில் நுரை தள்ளியது, கண் மேலே சொருகியது, இரண்டு காக்கைகள் வரப்பில் உட்கார்ந்து முறை போட்டுக் காத்திருந்தன என்றெல்லாம் கேட்ட மகன் ஜெயபாண்டி, "இந்த மாசமே வந்து அப்பாவையும் அம்மாவையும் கூட்டிட்டுப் போயிர்றேன் மாமா" என்று சொல்லிவிட்டான்.

கூட்டிக்கொண்டு போகிற இடம் பதினோராவது மாடி. வாத்தியார் ஒருதடவை அங்கே போய் ஒரு வாரம் இருந்து பார்த்தவர். தரையை மிதிக்க வேண்டுமென்றால் சட்டையை மாட்டி, சாவியைத் தேடி, லிப்டுக்குக் காத்திருந்து கீழே இறங்க வேண்டும். இறங்கினால் வாட்ச்மேன், "யாரைப் பார்க்கணும்?" என்று கேட்பான். "தரையப் பாக்கணும்யா" என்று சொல்லியிருக்கிறார். அந்த ஒரு வாரத்தில் தமக்கு இருபது வயது கூடிவிட்டதாகவும், திரும்பி வந்து நரிக்குடி பஸ்ஸில் உட்கார்ந்ததும் பதினெட்டு குறைந்துவிட்டதாகவும், மிச்சம் இரண்டு இன்னும் முழங்காலில் தங்கியிருப்பதாகவும் சொல்லித் திரிந்தார்.

வயது அறுபத்தெட்டு. அருப்புக்கோட்டையில் ஒரு பள்ளிக்கூடத்தில் பி.டி. வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்று, திருச்சுழிக்கும் நரிக்குடிக்கும் நடுவில் இருக்கிற சொந்த ஊரில் விவசாயம் பார்க்கிற சம்சாரியானவர். அவர் கணக்குப்படி, சர்வீஸில் அவர் தாண்டிய உயரங்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால் மதுரைக்கு வருகிற விமானம் சுற்றித்தான் போக வேண்டும். அப்பேர்ப்பட்ட உடம்புக்குக் காரணம் என்ன என்று யாரும் கேட்பதில்லை. கேட்காமலேயே சொல்வார்: "என் கெணத்துத் தண்ணி."

இந்த நெருக்கடியில்தான் திருச்சுழிக் கல்யாண மண்டபத்தில் ஒரு முகாம் போட்டார்கள். மதுரையிலிருந்து வந்த ஆராய்ச்சிக் குழு. அறுபது தாண்டிய திடகாத்திரமான ஆட்கள் வேண்டுமாம். வாத்தியார் முதல் வரிசையில் போய் நெஞ்சை நிமிர்த்தி உட்கார்ந்தார். அவர் தோற்பதைக் கண்ணால் பார்க்க வேண்டும் என்ற ஒரே லட்சியத்தோடு சங்கையாவும் பக்கத்தில் உட்கார்ந்தார்.

குழுவில் பேசியது பிரவீணா என்ற பெண். அருப்புக்கோட்டை இரும்புக்கடைக்காரர் மகள், ஆராய்ச்சி மாணவி.

"நம்ம ரத்தக்குழாய்ச் சுவரே ஒரு வாயுவைத் தயாரிக்குது. நைட்ரிக் ஆக்சைடுன்னு பேரு. அதுதான் குழாயை இளக்கிவிட்டு ரத்தத்தை நல்லா ஓட வைக்கும். வயசாக ஆக உற்பத்தி குறையும். உங்களுக்கெல்லாம் எவ்வளவு உற்பத்தி ஆகுதுன்னு அளக்கப் போறோம்."

"வாயுவாம்மா?" என்றார் சங்கையா. "அப்ப எங்க மச்சான மட்டும் அளந்தாப் போதும். மொச்சைப்பயறு தின்ன அன்னிக்கு எங்க அக்கா வாசல்லதான் படுக்கும்."

"அது வேற ஐயா. இது உண்டாகி சில விநாடியில மறைஞ்சுரும், பிடிக்க முடியாது. ஆனா மறையும்போது நைட்ரேட்டா மாறி சிறுநீர்ல இறங்கும். அதை அளப்போம்."

"அடுப்புச் சாம்பல அள்ளிப் பாத்து எம்புட்டு வெறகு எரிஞ்சிருக்குன்னு சொல்ற மாதிரி" என்றார் வாத்தியார்.

"அதேதான் சார்!"

அந்த இரண்டு சொல்லில் வாத்தியாருக்கு ஆராய்ச்சியில் பாதி தாமே செய்து முடித்த மாதிரி ஆகிவிட்டது. மண்டப வாசலுக்கு வந்து மகனுக்குப் போன் போட்டார்.

"ஏய்யா ஜெயபாண்டி, மாமன் பேச்ச விடு. சயின்ஸு சொல்லட்டும். நான் கெழவன்னு ரிப்போட்டு வந்தா மறுபேச்சுப் பேசாமப் பெட்டியக் கட்டுறேன். வாலிபன்னு வந்தா என்னை ஊர்ல விட்டுரணும்."

மகன் கம்ப்யூட்டர் வேலை பார்க்கிறவன். சயின்ஸ் என்ற சொல்லுக்குக் கட்டுப்பட்டான். "சரிப்பா. ரிப்போர்ட் என்ன சொல்லுதோ அதுதான் முடிவு."

சோதனைக்குச் சில கட்டுப்பாடுகள் இருந்தன. வெளியிலிருந்து நைட்ரேட் உள்ளே போய்விடக் கூடாது. போனால் கணக்கு கலங்கிவிடும். அதனால் முடியும்வரை கீரை கூடாது, பீட்ரூட் கூடாது, முள்ளங்கி கூடாது. அவர்கள் கொடுக்கிற கேன் தண்ணீரைத் தவிர வேறு தண்ணீர் குடிக்கக் கூடாது, சமைக்கவும் கூடாது. பிறகு ஒரு தம்ளர் மருந்துத் தண்ணீர் குடித்துவிட்டு, ஒரு பகல் ஒரு ராத்திரி இறங்குகிற சிறுநீரை ஒரு சொட்டு விடாமல் வெள்ளைக் கேனில் பிடிக்க வேண்டும்.

வாத்தியார் கீரையை விட்டார். முருங்கைமரம் இருக்கிற திசையைக்கூடத் திரும்பிப் பார்க்கவில்லை. ஆனால் தண்ணீர் விஷயத்தில் மனச்சாட்சி உறுத்தியது. இத்தனை வருஷம் இந்த உடம்பை வளர்த்தது கிணறு. பரீட்சை அன்றைக்கு மட்டும் கிணற்றை வெளியே நிறுத்திவிட்டு, எந்த ஊர்த் தண்ணீரோ வந்து பேர் வாங்கிக்கொண்டு போவதா? கேன் தண்ணீரை ஒரு வாய் குடித்துப் பார்த்தார், செத்த தண்ணீர். மிச்சத்தை ஊற்றி வண்டியைக் கழுவினார். டி.வி.எஸ். எக்ஸல் பளபளவென்று ஆகிவிட்டது. மோட்டார் ரூமில் ஒரு செம்பை ஒளித்து வைத்து, தாகம் எடுக்கும்போதெல்லாம் போய்க் கிணற்றுத் தண்ணீரை மடக் மடக்கென்று குடித்தார்.

மனைவி சந்தனம்மாள் ஒருதடவை பார்த்துவிட்டாள். "அந்தப் பொண்ணு குடிக்கக் கூடாதுன்னுச்சே?"

"கண்ட தண்ணிய குடிக்கக் கூடாதுன்னுச்சு. நம்ம தண்ணி கண்ட தண்ணியா?"

மருந்துத் தண்ணீர் வேப்பங்காயை அரைத்து மோரில் கலந்த மாதிரி இருந்தது. வாத்தியாரும் சங்கையாவும் குடித்தார்கள். மறுநாள் மச்சானும் மைத்துனரும் ஆளுக்கொரு வெள்ளைக் கேனோடு திருச்சுழி பஸ்ஸில் ஏறினார்கள். கண்டக்டர், "என்னய்யா, பதநீரா?" என்று கேட்டு மூடியைத் திறக்கப் போனதும், வாத்தியார் பாய்ந்து தடுத்ததும், அதற்குப் பிறகு அந்த பஸ்ஸில் இவர்கள் இரண்டு பேருக்கு மட்டும் ஆறு சீட் காலியாகக் கிடைத்ததும் தனிக் கதை.

சில நாள் கழித்துப் பிரவீணா போன் செய்தாள். அவள் குரலில் சந்தேகம் இருந்தது.

"சார், உங்க நைட்ரேட் அளவு மத்தவங்களைவிட ஒன்பது மடங்கு வந்திருக்கு. கீரை ஏதாச்சும் சாப்பிட்டீங்களா?"

"சத்தியமா இல்லம்மா."

"வேற தண்ணி?"

"நீங்க சொன்னபடிதாம்மா." கண்ட தண்ணீர் எதையும் அவர் குடிக்கவில்லைதானே.

"இது முதல் ரிப்போர்ட்டுதான். மருந்துத் தண்ணியை வச்சு இன்னொண்ணு வரணும், வெளியூர் லேபுக்குப் போயிருக்கு. அது வர்ற வரைக்கும் எதுவும் முடிவு சொல்ல முடியாது சார்."

வாத்தியார் காதில் 'ஒன்பது மடங்கு' நுழைந்ததும் கதவு சாத்திக்கொண்டது. பின்னால் வந்ததெல்லாம் வெளியே நின்றது. உடனே சென்னைக்குப் போன். "ஒம்போது மடங்குய்யா! சராசரி ஆளு ஒருத்தன் செய்யுறத உங்கப்பன் ஒம்போது பேரா செய்யுறேன். ஒம்போது பேரு அந்தப் பதினோராவது மாடில எப்பிடிய்யா படுக்க முடியும்?" மகன் சிரித்துவிட்டு, "சரிப்பா, நீங்க ஜெயிச்சிட்டீங்க" என்றான்.

அதற்கப்புறம் வாத்தியாரைப் பிடிக்க முடியவில்லை. டீக்கடையில் ஒன்பது மடங்கு, ரேஷன் கடையில் ஒன்பது மடங்கு, காரியாபட்டிச் சந்தையில் முன்பின் தெரியாத ஆட்டு வியாபாரியிடம் ஒன்பது மடங்கு. சாயங்காலம் மிளகாய்ப் பாத்திகளுக்கு நடுவில் ஓடிக் காட்டினார். நரையே கறுக்கிறது என்றார். ரகசியம் கேட்டவர்களுக்குக் கிணற்றைக் காட்டினார்.

முதலில் காளீஸ்வரி ஒரு குடம் எடுத்தாள். அவள் புருஷனுக்கு முழங்கால் வலி தணிந்தது என்று பேச்சு வந்ததும் மறுநாள் வாசலில் பிளாஸ்டிக் குடங்கள் பச்சையும் நீலமுமாக வரிசை கட்டின. பந்தல்குடி ரோட்டில் போகிற லாரி டிரைவர்கள்கூட ரோட்டை விட்டு விலகி வந்து கேனில் பிடித்துப் போனார்கள். வாத்தியார் மோட்டாரைப் போட்டுவிட்டுக் குழாய்மேட்டில் நின்றுகொண்டு, "தள்ளாதீக, தள்ளாதீக, ஒம்போது மடங்கு எல்லாருக்கும் இருக்கு" என்று கங்கையைத் தலையிலிருந்து அவிழ்த்துவிடுகிற பாவனையில் இருப்பார்.

சங்கையா மட்டும் வரவில்லை. "மச்சான் குடிச்ச தண்ணிய நான் குடிச்சா எனக்கும் வாய் நீளும்" என்று சொல்லிவிட்டார்.

ஒருநாள் காலையில் தண்ணீர்க் கூட்டம் கலைந்த நேரத்தில் பிரவீணா ஸ்கூட்டியில் வந்து இறங்கினாள். வாத்தியார், பொன்னாடை எங்கே என்று அவள் பையைப் பார்த்தார். அவள் பையிலிருந்து ஒரு சின்ன டப்பாவை எடுத்து, அதிலிருந்து காகிதப் பட்டை ஒன்றை உருவி, தொட்டித் தண்ணீரில் முக்கினாள். வெள்ளையாக இருந்த நுனி ரோஸ் ஆகி, சிவந்து, கடைசியில் கல்யாணப்பெண் நெயில்பாலிஷ் மாதிரி ஆகிவிட்டது.

"சார், சோதனை அன்னைக்கு இந்தத் தண்ணியைத்தான குடிச்சீங்க?"

வாத்தியார் மேலே பார்த்தார், கீழே பார்த்தார். சந்தனம்மாள் இடுப்பில் கை வைத்துக்கொண்டு, "செம்ப எடுத்துட்டு வந்து காட்டவா?" என்றாள்.

"ரெண்டாவது ரிப்போர்ட் வந்திருச்சு சார். அந்தக் கசப்புத் தண்ணியில இருந்த நைட்ரஜன் நாங்க அடையாளம் போட்டது. ஆடுகளைக் கிடைக்கு அனுப்புறதுக்கு முன்னாடி அடையாளத்துக்கு அவங்கவங்க ஆட்டு முதுகுல சாயம் அடிப்பீங்கல்ல, அந்த மாதிரி. உங்க உடம்பு அதை வச்சு வாயு செஞ்சா, சாயத்தோட வெளிய வரும். அப்படி வந்ததை வச்சுப் பார்த்தா, உங்க உற்பத்தி உங்க வயசுக்குச் சரியா இருக்கு. சங்கையா ஐயாவைவிடக் கொஞ்சம் கம்மி."

"கம்மியா?"

"கொஞ்சம்தான் சார். மத்ததெல்லாம் சாயம் இல்லாத ஆடு. இந்தக் கிணத்துல இருந்து உள்ள போய் அப்படியே வெளிய வந்த நைட்ரேட். லிட்டருக்கு நாப்பத்தஞ்சு மில்லிகிராமுக்கு மேல இருந்தாலே குடிக்கக் கூடாது. இது முன்னூறைத் தாண்டுது. தோட்டத்துக்கு யூரியா நிறைய போடுவீங்களோ?"

போடுவாரா? மிளகாய்ச் செடிக்கு அவர் யூரியா போடுகிற அழகைப் பார்த்தால் கல்யாண வீட்டில் சம்பந்திக்குச் சோறு போடுகிற மாதிரி இருக்கும். போதும் போதும் என்று செடி கையை நீட்டித் தடுத்தாலும் விடமாட்டார். அது போக, வருஷாவருஷம் உரத்துக்காகக் கிணற்றைச் சுற்றியே ஆட்டுக்கிடை போடுவார். நானூறு ஆட்டுப் புழுக்கையும் மூத்திரமும் மண்ணில் இறங்கி, ஊற்றில் சேர்ந்து, செம்பில் ஏறி, வாத்தியார் வழியாக மதுரைக்குப் போய் வந்திருக்கிறது. ஒன்பது மடங்கில் எட்டு மடங்கு ஆடு.

அவருக்கு முதலில் வந்த கவலை வெட்கம்கெட்ட கவலை. "ஏம்மா, இந்த ரெண்டாவது ரிப்போட்ட எம் மகனுக்கும் அனுப்புவீகளா?"

"அது உங்க விருப்பம் சார். அதுக்கு முன்னாடி ஒண்ணு சொல்லுங்க. இந்தத் தண்ணியில யாராவது கைக்குழந்தைக்குப் பால் கரைக்கிறாங்களா? பெரியவங்களுக்கு உடனே ஒண்ணும் ஆகாது. ஆறு மாசத்துக்குள்ள இருக்கிற குழந்தைக்கு ரத்தம் மூச்சுக்காத்தைத் தூக்காமப் போயிரும். உதடு நீலமாயிரும். காய்ச்சினா இன்னும் மோசம், தண்ணி வத்த வத்த நைட்ரேட் கெட்டிப்படும்."

"கைக்கொழந்தைக்கு யாரு..." என்று ஆரம்பித்த வாத்தியார் அப்படியே நின்றுவிட்டார்.

சங்கையா மகள் ரேணுகாதேவி பிரசவத்துக்குத் தாய்வீடு வந்திருந்தாள். பிள்ளைக்கு மூன்று மாதம். தாய்ப்பால் பற்றாமல் டப்பாப் பால்தான். அன்று காலையில் வரிசையின் கடைசியில், முந்தானையால் மறைத்த ஒரு சின்னக் குடத்தோடு நின்றிருந்தாள். "அப்பாதான் மாமா ரகசியமா வாங்கிட்டு வரச் சொன்னாக. பேரனுக்கு உங்கள மாதிரி ஒடம்பு வரணுமாம்" என்று அவள் சொன்னபோது, வாத்தியார் பூரித்துப்போய்த் தம் கையாலேயே குடத்தை நிறைத்து, அதற்கு மேல் ஒரு செம்பு அதிகமாகவும் ஊற்றியிருந்தார்.

சங்கையாவுக்குப் போன் போட்டார். எடுக்கவில்லை. எக்ஸலை உதைத்தார். அது போன போக்கைப் பார்த்து மாட்டுவண்டி ஒதுங்கி வழி விட்டது. வழியெல்லாம் அவருக்கு ஒரே நினைப்பு. பிள்ளையையும் காப்பாற்ற வேண்டும், ஒன்பது மடங்கையும் காப்பாற்ற வேண்டும். காரணம் சொல்லாமல் அந்தப் பாலை மட்டும் எப்படியாவது நிறுத்திவிட்டால்?

சங்கையா வீட்டில் ரேணுகாதேவி அழுகிற பிள்ளையை மடியில் போட்டுப் பால்புட்டியைக் குலுக்கிக்கொண்டிருந்தாள். வாத்தியார் செருப்போடு உள்ளே பாய்ந்தார். புட்டியைப் பறித்தார். எங்கே வைப்பது, என்ன சொல்வது என்று ஒன்றும் தோன்றவில்லை. தோன்றியதைச் செய்தார். ரப்பரை வாயில் வைத்துச் சப்பிக் குடிக்க ஆரம்பித்தார்.

பிள்ளை அழுவதை நிறுத்திவிட்டு அவரைப் பார்த்தது. அறைக்குள்ளிருந்து வந்த சங்கையா வாசற்படியிலேயே நின்றார். கடைசிச் சொட்டு வரைக்கும் அந்த வீட்டில் 'சுர்ர் சுர்ர்' என்ற சத்தம் மட்டும்தான்.

"ஐயய்யோ!" என்று சங்கையா அலறினார். "மூளைக்கு ஏறிருச்சு! எம் பேரன் பாலப் புடுங்கிக் குடிக்கிறாகளே! ஏலே ஜெயபாண்டி!" சொல்லும்போதே கை செல்போனைத் தேடி எடுத்துச் சென்னைக்குப் போட்டு, ஸ்பீக்கரையும் அமுக்கிவிட்டது. "உங்கப்பாவுக்குப் புத்தி பெரண்டு போச்சுய்யா. புட்டிப்பால் குடிக்கிறாக. கண்ணால பாத்தேன். இன்னிக்கே வந்து கூட்டிட்டுப் போயிரு!"

போனிலிருந்து, "அப்பா? என்னப்பா ஆச்சு?" என்று ஜெயபாண்டி குரல் வந்தது.

வாத்தியார் புட்டியைக் கையில் வைத்துக்கொண்டு யோசித்தார். பேசாமல் இருந்தால் பைத்தியக்காரன். பைத்தியத்துக்குப் பதினோராவது மாடி. பேசினால் ஒன்பது மடங்கு போச்சு. அப்போதும் பதினோராவது மாடி. அடுக்களையில் அந்தச் சின்னக் குடம் பாதி நிறைந்து இருந்தது.

"ரேணுகா, இந்தத் தண்ணில இதுக்கு முந்தி பால் கரைச்சியாம்மா?"

"இல்ல மாமா, இதான் மொதல் புட்டி."

வாத்தியார் குடத்தைத் தூக்கி முற்றத்தில் கவிழ்த்தார். பிறகு ஒன்று விடாமல் சொன்னார்: செம்பு, மோட்டார் ரூம், யூரியா, கிடை, சாயம் அடித்த ஆடு, அடிக்காத ஆடு. பின்னாலேயே வந்து சேர்ந்த பிரவீணா பிள்ளையின் உதட்டையும் நகத்தையும் பார்த்து, நல்ல சிவப்பாக இருக்கிறது என்றாள். எதற்கும் அருப்புக்கோட்டையில் டாக்டரிடம் ஒருதடவை காட்டிவிடுங்கள் என்றாள்.

எல்லாவற்றையும் கேட்ட சங்கையா ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். "அப்ப என்னோடது மச்சானவிட அதிகமாம்மா?"

"கொஞ்சம் அதிகம் ஐயா."

சங்கையா தோளில் கிடந்த துண்டை எடுத்து உதறி மறுபடி போட்டுக்கொண்டார். அந்தக் காற்றிலேயே அவருக்கு இருபது வயது குறைந்தது.

பொய்யை ஊர் ஒரே நாளில் நம்பிவிட்டது. உண்மையை நம்ப வைப்பதற்குள் வாத்தியாருக்கு நாக்கு வறண்டுவிட்டது. மறுநாள் காலையில் மோட்டாரைப் போடாமல் குழாய்மேட்டில் நின்று, "இது குடிக்க ஆகாத தண்ணி, திரும்பிப் போங்க" என்றார்.

"இது என்ன வாத்தியாரே ஞாயம்?" என்றாள் காளீஸ்வரி. "நீக மட்டும் குடிச்சு வாலிபமா இருக்கணும், நாங்க கெழவியாப் போகணுமாக்கும்?"

"விலை வைக்கப் போறாரு, அதான்" என்றது இன்னொரு குரல்.

பக்கத்தில் நின்ற பிரவீணாவிடம் காகிதப் பட்டையை வாங்கித் தொட்டியில் முக்கிக் காட்டினார். சிவந்தது. "பாத்தீகளா, எம்புட்டு சத்து இருந்தா இப்பிடிச் செவக்கும்!" என்று குடங்கள் இன்னும் நெருங்கி வந்தன.

அப்போதுதான் ராத்திரி பஸ்ஸைப் பிடித்து வந்த ஜெயபாண்டி, தோளில் பையோடு கூட்டத்துக்குப் பின்னால் வந்து நின்றான். வாத்தியார் அவனைப் பார்த்தார். குடங்களையும் பார்த்தார். ஒரே வழிதான் மிச்சம் இருந்தது. வீட்டுக்குள் போய், முந்தின நாள் பிரவீணா கொடுத்த இரண்டாவது ரிப்போர்ட்டை எடுத்து வந்தார்.

"எல்லாரும் கேளுங்கப்பா. இந்தத் தண்ணிய வருஷக்கணக்காக் குடிச்ச எம் ஒடம்பு செய்யுறது, இத ஒரு சொட்டும் குடிக்காத சங்கையா ஒடம்பு செய்யுறதவிடக் கம்மி. நான் சாதாரணக் கெழவன். மத்ததெல்லாம் ஆட்டு மூத்திரமும் யூரியாவும்."

கூட்டம் சங்கையாவைப் பார்த்தது. அவர் இந்தத் தருணத்துக்காகவே சலவைச் சட்டை போட்டு வந்திருந்தார். "உண்மைதான்" என்றார். "எனக்குத்தான் அதிகம். தோட்டத்துல விழுந்தது யாரு, நின்னு பாத்தது யாரு? யோசிச்சுப் பாருங்க."

ஆட்டு மூத்திரம் என்ற சொல்லா, சங்கையாவின் சாட்சியமா, எது வேலை செய்தது என்று தெரியாது; குடங்கள் ஒவ்வொன்றாகத் திரும்பின. காளீஸ்வரி மட்டும் போகிற போக்கில், "இத்தன நாளா எம் புருசனுக்கு எதக் குடுத்தேன்!" என்று வாத்தியாரின் மூன்று தலைமுறையை விசாரித்துவிட்டுப் போனாள்.

ஜெயபாண்டி பக்கத்தில் வந்தான். "அப்பா, பேசுன பேச்சு ஞாபகம் இருக்குல்ல?"

"இருக்குய்யா. தோத்துட்டேன். பெட்டியக் கட்டுறேன்." வாத்தியார் உண்மையாகவே வீட்டை நோக்கி நடந்தார். நாலு எட்டு வைத்ததும் நின்று திரும்பினார். "ஆனா ஒண்ணு யோசி. நான் கெளம்புன மறுநாளே காளீஸ்வரி மறுபடி குடத்தத் தூக்கிட்டு வந்துருவா. லாரிக்காரனுக்கு யாரு சொல்றது? தண்ணி சுத்தமாகுற வரைக்கும் ஒரு ஆளு காவலுக்கு வேணும். அது வரைக்கும் விடு. சுத்தமான அன்னிக்கே வந்துர்றேன். இந்தப் பொண்ணையே சாட்சியா வச்சுச் சொல்றேன்."

மகனுக்கு அது நியாயமாகத்தான் பட்டது. பிள்ளை பிழைத்த பதற்றமும் தீரவில்லை. "சரிப்பா. அது வரைக்கும் தனியாத் தோட்டத்துல வெயில்ல நிக்கக் கூடாது."

"நிக்க மாட்டேன்."

"யூரியா?"

"தொட மாட்டேன்."

"எவ்வளவு நாள் ஆகும், மேடம்?" என்று ஜெயபாண்டி பிரவீணாவைக் கேட்டான்.

"யூரியாவும் கிடையும் நிப்பாட்டி, தொடர்ந்து நல்ல மழை பெஞ்சா அஞ்சாறு வருஷத்துல குறையலாம் சார்."

"தொடர்ந்து நல்ல மழை" என்று ஜெயபாண்டி திருப்பிச் சொன்னான். சொல்லிக்கொண்டே நிமிர்ந்து அந்தக் கரிசலையும், கருவேலத்தையும், தண்ணீர் கண்டு பல காலமான கண்மாயையும் ஒரு சுற்றுப் பார்த்தான். ஊரை விட்டுப் போய் வெகுநாள் ஆகிவிட்டதால் கணக்கு கொஞ்சம் மெதுவாகத்தான் ஏறியது. ஏறும்போது அப்பா முகத்தைப் பார்த்தான். வாத்தியார் அப்பாவியாக நின்றுகொண்டிருந்தார்.

"மச்சான்!" என்று சங்கையா மேற்கே கையைக் காட்டினார். "அங்க பாருங்க, மேகம் கூடுற மாதிரி இருக்கு."

வாத்தியார் திடுக்கிட்டுத் திரும்பினார். கைக்குட்டை அகலத்துக்கு ஒரு மேகம். நரிக்குடிச் சீமையிலே ஒரு சம்சாரி மேகத்தைப் பார்த்து, "அங்கிட்டுப் போ, அங்கிட்டுப் போ" என்று கையை வீசி விரட்டியது அன்றைக்குத்தான்.